அண்ணன் வட்டிக்கு மேலே

அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். போட்டி ஆணையத்து அதிகாரியம்மா, அவர் சொல்வதைத் தட்டச்சு செய்த பெண், பெரியவர், பெரியவரின் வக்கீல், பெரியவரின் தம்பியான சின்னவர். ஆறாவதாக ஒருவரும் இல்லை. தாங்களும் இருந்ததாகப் பின்னால் சொல்லித் திரிந்தவர்கள் அந்த அலுவலகத்தின் வாசற்படியைக்கூட மிதித்ததில்லை.

நகரில் ஐந்து வங்கிகள். மக்கள் போட்டுவைத்த பணத்தில் நூற்றுக்கு முப்பது பெரியவரின் வங்கியில் இருந்தது, இருபது சின்னவரின் வங்கியில். இரண்டும் தகப்பனார் பிரித்துக் கொடுத்தவை. பத்துப் பங்கு வைத்திருந்த இன்னொரு வங்கியைப் பெரியவர் விலைபேசி முடித்திருந்தார். ஆணையம் சம்மதிக்க வேண்டியதுதான் பாக்கி.

அதிகாரியம்மாவின் அளவுகோல் எளியது. ஒவ்வொரு வங்கியின் பங்கையும் அதே எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். தொகை ஏற ஏறப் போட்டி குறைவு என்று பொருள். மூவாயிரத்தைத் தாண்டினால் வாங்க அனுமதி இல்லை.

“நீங்க ரெண்டு பேரும் தனித்தனின்னா, வாங்கின பிறகு ரெண்டாயிரத்து எண்ணூத்தி அம்பது. தாராளமா வாங்கலாம். ரெண்டு பேங்க்கும் ஒண்ணுதான்னா நாலாயிரத்து நானூத்தி அம்பது. பேச்சுக்கே இடமில்ல.”

“தனிக் கட்டடம், தனி நிர்வாகம் மேடம்,” என்றார் வக்கீல்.

அதிகாரியம்மா ஒரு தாளை விரித்தார். ஏழு வருடத்து டெபாசிட் வட்டி, இரண்டு கோடுகளாக ஓடியது.

“பதினோரு தடவை அண்ணன் வட்டியை மாத்தியிருக்கார். பதினோரு தடவையும் அதே நாள் காலையில தம்பி பேங்க் பலகையும் மாறியிருக்கு. ஒரு தடவைகூட அண்ணனைத் தாண்டல. தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்பாங்க. இங்க வட்டி ஆடுதே?”

தட்டச்சுப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

சின்னவருக்கு அந்தக் கோடுகளைப் பார்க்கப் பெருமையாகக்கூட இருந்தது. வட்டி மாறுவதற்கு முந்தின நாள் மாலை அண்ணனின் பியூன் ஒட்டிய உறை கொண்டுவருவான். உள்ளே அண்ணன் கையெழுத்தில் ஓர் எண், வேறொன்றும் இருக்காது. சின்னவர் எழுந்து நின்றுதான் வாங்குவார். அண்ணன் வட்டியைத் தம்பி தாண்டுவதும், அண்ணன் நிற்கும்போது தம்பி கால்மேல் கால் போடுவதும் அவருக்கு ஒன்றுதான். பதினோரு தாள்களும் அவர் மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருந்தன.

“அது எங்க வீட்டு வழக்கம் மேடம்...” என்று ஆரம்பித்தார்.

“வாயை மூடுடா,” என்றார் பெரியவர். “வழக்கமுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. பள்ளிக்கூடத்துல என் சிலேட்டைப் பாத்து எழுதினவன் மேடம் இவன். இப்போ என் பலகையைப் பாத்து எழுதுறான். தலைக்குள்ள சரக்கு இருந்தாத்தானே?”

“பாத்து எழுதுறது தப்பில்ல சார். பேசிவெச்சுக்கிட்டு எழுதினாத்தான் ஒண்ணா சேர்த்து அளப்போம். ஆனா பாத்து எழுதுறவர் ஒரு நாளாவது பிந்தணுமே? அதே காலையில எப்படி?”

வக்கீல் கூரையைப் பார்த்தார். பெரியவர் தம்பியைப் பார்த்தார். அன்று அவர் தம்பியை முகத்துக்கு நேரே பார்த்தது அப்போதுதான். ஏதோ கேட்கப்போகிறார் என்று சின்னவர் நினைத்தார்.

“என் பியூனுக்குக் காசு கொடுத்து நம்பரைத் திருடுறான். குடும்ப மானம் போயிடுமேன்னு இத்தனை நாள் பொறுத்துக்கிட்டேன்.”

“உண்மையா சார்?” அதிகாரியம்மா சின்னவரிடம் திரும்பினார். “நீங்கதான் சொல்லணும். எழுத்துல.”

வக்கீல் சின்னவரின் காதருகே குனிந்தார். “ஒரே ஒரு கையெழுத்து. தம்பியுடையான் படைக்கு அஞ்சான்னு சும்மாவா சொன்னாங்க?”

இழுப்பறையிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து போட்டால் போதும், அண்ணன் சொன்னது பொய்யாகிவிடும். அண்ணனைப் பொய்யராக்கிவிட்டு எந்த முகத்தோடு அந்த வீட்டு வாசலில் நிற்பது? சின்னவர் பேனாவை எடுத்தார். பியூனிடம் காசு கொடுத்து அறிந்து, அண்ணனின் வட்டியைப் பார்த்து எழுதி வந்ததாகத் தட்டச்சான வாக்குமூலம் சொன்னது.

“‘எனக்குச் சொந்தமாகக் கணக்குப் போடத் தெரியாது’ன்னு இவன் சொன்னதா அதையும் சேத்துக்கம்மா,” என்றார் பெரியவர்.

தட்டச்சுப் பெண்ணின் விரல்கள் நின்றன.

“தட்டும்மா.”

அவள் தட்டினாள். சின்னவர் கையெழுத்துப் போட்டார். அனுமதி அங்கேயே கிடைத்தது.

வெளியே லிஃப்ட் வாசலில் சின்னவர் மெல்லக் கேட்டார். “அண்ணே, அந்தப் பியூன் பாவம். அவனுக்கு ஏதாவது...”

“காலையிலேயே வேலையை விட்டுத் தூக்கியாச்சு. காசு வாங்கினவனை வெச்சுக்க முடியுமா?”

காலையிலேயே. சின்னவருக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

“நீயும் இனிமே வீட்டுப் பக்கம் வராதே. பொண்ணு கல்யாணம் வருது. சம்பந்தி வீட்டார் முன்னாடி ஒரு திருடனை எப்படி உக்கார வைக்கிறது?”

“உறையை அனுப்புனது நீங்கதானே அண்ணே?”

“கையெழுத்துப் போட்டது நீதானேடா?”

லிஃப்டில் எட்டுப் பேருக்கு இடம் இருந்தது. பெரியவரும் வக்கீலும் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சின்னவர் நான்கு மாடியும் படியிறங்கினார்.

மறுநாள் காலை சின்னவர் தன் வங்கியில் ஸ்டூல் போட்டு ஏறித் தூக்கு மாட்டிக்கொண்டார் என்று ஊரில் பேச்சு. அது பொய். ஸ்டூல் போட்டது உண்மை. ஏறியது, வாசல் பலகையில் அண்ணன் வட்டியைவிட அரை சதவீதம் கூட்டி எழுத.