சேற்றுக்குள் இருபத்தாறு

கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் முதல் பனி விழுந்த காலையில், பனிக்கால டயர் மாட்ட வந்த கார்களின் வரிசை தெருமுனை வரை நீண்டிருந்தது. முதலில் நின்றவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் தாலாய்பெக். டயர் கடைக்காரி சினாராவுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"ரிம்முல ஒரு கீறல் விழக் கூடாது. நெம்புற கம்பிக்கு பிளாஸ்டிக் உறை போட்டியா? இந்தச் சக்கரம் இதுவரைக்கும் நடைபாதைக் கல்லுல உரசினதே இல்ல, தெரிஞ்சுக்கோ."

சினாரா உறையைக் காட்டினாள். போன வருடம் ஒருவர் தன் பழைய கீறலை அவள் தலையில் கட்டியதில் பாதி வாடிக்கை போயிருந்தது.

"முதல்ல கழுவிடறேன் அண்ணே."

சேறு வழிந்ததும் கீறல்கள் தெரிந்தன. ஒவ்வொன்றைச் சுற்றியும் சாக்பீஸால் வட்டம் போட்டாள். இடப்பக்கச் சக்கரங்களில் ஒன்றுமில்லை. நடைபாதையை ஒட்டி ஓடும் வலப்பக்கத்தில் இருபத்தாறு.

"ஒரே ஒரு தடவை கல்லைத் தொட்டதுக்கு என்னை ஃபெயில் பண்ணீங்களே, வாத்தியாரே!" என்றான் வரிசையில் ஒருவன்.

தாலாய்பெக் கனைத்தார். "அது... என் சம்சாரம் ஓட்டினப்போ ஆகியிருக்கும்."

காரின் கண்ணாடி இறங்கியது. "யாரு, நானா?" என்றாள் அவர் மனைவி குல்மிரா. "ரிம் போயிடும்னு பத்தொம்பது வருஷமா சாவியையே கண்ணுல காட்டலியே நீங்க!"

வேலை முடிந்ததும் வரிசையே கூடி நின்று உரக்க எண்ணியது. இருபத்தாறுதான், ஒன்றுகூடக் கூடவில்லை.

தாலாய்பெக் சினாராவின் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"அந்தச் சேத்தைத் திரும்பப் பூசித் தர முடியுமாம்மா?"