சோப்பு டப்பா காமிரா

ஸ்டூடியோக்காரருக்கு மகள் என்றால் உயிர். அதற்காக, அவள் முதல் சம்பளத்தில் அவருக்கென்று வாங்கி வந்த காமிராவைப் பார்த்ததும் வாயைச் சும்மா வைத்திருப்பாரா? உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் பாப்பா, இதுல போட்டோ எடுக்கணுமா, இல்ல தேய்ச்சுக் குளிக்கணுமா?"

"கிண்டல் பண்ணாதீங்கப்பா. சோப்பு டப்பா மாதிரி இருந்தாலும் உங்க பெரிய காமிராவுக்குத் தெரியாததெல்லாம் இதுக்குத் தெரியும்."

"தெரியட்டும், தெரியட்டும். முதல்ல இதுக்குக் கண்ணு எங்கேன்னு சொல்லு."

மகள் ஒரு பொத்தானை அமுக்கினாள். விர்ரென்று லென்ஸ் வெளியே நீண்டது. மனுஷன் பதறிப்போய்க் காமிராவைக் கீழே போடப் பார்த்தார். கதவோரம் நின்ற மனைவி சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீடு மாடியில், ஸ்டூடியோ கீழே. பேர்தான் ஸ்டூடியோ. எடுப்பதெல்லாம் பாஸ்போர்ட் படம், அடையாள அட்டைப் படம், விண்ணப்பத்தில் ஒட்டுகிற படம். "தோளை இறக்குங்க, நேரா பாருங்க, ரெண்டு காதும் தெரியட்டும், சிரிக்காதீங்க." இதைச் சொல்லிச் சொல்லியே அவருக்குத் தலை நரைத்துவிட்டது. தூக்கத்தில்கூட இதைத்தான் உளறுகிறார் என்பது மனைவியின் புகார். அது போகட்டும், வீட்டு ஆட்களைப் படம் எடுக்கும்போதும் அதே பாட்டுத்தான். கல்யாணமான புதிதில் கடற்கரைக்குப் போய் எடுத்த படத்தைப் பார்க்க வேண்டுமே! பின்னால் அலை துள்ளிக் குதிக்கிறது. முன்னால் மனைவி விசா கேட்டு வரிசையில் நிற்கிறவள் மாதிரி நிற்கிறாள்.

மகளின் கவலையும் அதுதான். ஒரு மாதம் உள்ளூரில் பயிற்சி முடிந்து, வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறாள். சாயங்காலம் ரயில்.

"அங்கே என் ரூம்ல வைக்க அம்மா படம் ஒண்ணு வேணும்பா. நல்லா சிரிச்ச மாதிரி. இருக்கறதுல எதை எடுத்துட்டுப் போனாலும் அம்மா என்னை முறைச்சுக்கிட்டே இருப்பாங்க. நான் எப்படித் தூங்கறது?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஸ்டூடியோக்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. ஊருக்கெல்லாம் படம் எடுத்துக் கொடுத்தவர், பெற்ற பெண் கையில் கொடுத்தனுப்ப ஒரு படம் இல்லையா?

"நீ போய் உன் சிநேகிதிகிட்ட சொல்லிட்டு வா. வர்றதுக்குள்ள எடுத்து வைக்கிறேன்."

"எல்லாம் செட் பண்ணிட்டேன்பா. நீங்க பட்டனை அமுக்கிட்டுச் சும்மா இருந்தா போதும். மத்ததை அது பார்த்துக்கும்," என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கி ஓடினாள்.

மனைவியை ஜன்னலோரம் ஸ்டூலில் உட்காரவைத்தார். பழக்கதோஷம், பின்னால் ஒரு வெள்ளைப் போர்வையையும் தொங்கவிட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு காமிராவை முகத்தருகே கொண்டுபோனார். கண் வைக்க அதில் ஓட்டையே இல்லை. மூக்கு போய்த் திரையில் இடித்தது. சரியென்று தள்ளிப் பிடித்தால் எழுத்து தெரியவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, கடைசியில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

ஆனால் திரை பளிச்சென்று இருந்ததை அவரால் மறுக்க முடியவில்லை. கையில் கனமே இல்லை. மனைவியின் முகத்தைச் சுற்றி ஒரு சின்னக் கட்டம் தானாக வந்து உட்கார்ந்தது. அவள் தலையைச் சாய்த்தால் கட்டமும் கூடவே சாய்ந்தது. மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"அடேயப்பா, உன் மூஞ்சியைக் கண்டுபிடிச்சுட்டான்! பய கெட்டிக்காரன்தான்."

"சிரிக்கட்டுமாங்க?"

"இரு, முதல்ல ஒரு டெஸ்ட். தோளை இறக்கு. நேரா பாரு. சிரிக்காதே."

பொத்தானை அமுக்கினார். முன்பக்கம் ஒரு குட்டி விளக்கு மினுக்மினுக்கென்றது. அவ்வளவுதான். படம் விழவில்லை. மறுபடி அமுக்கினால் விளக்கு அணைந்தது. இன்னொரு தடவை அமுக்க, மறுபடி மினுக்கியது. சுவர்க் கடிகாரத்தைப் படம் எடுத்துப் பார்த்தார். ஃபிரிட்ஜை எடுத்துப் பார்த்தார். தன் கால் கட்டைவிரலைக்கூட எடுத்துப் பார்த்தார். ஒன்றுக்கும் அது மசியவில்லை.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "பிள்ளையை ஏமாத்திட்டானுங்க. பழுதான சரக்கைத் தலையில கட்டிட்டானுங்க."

"மெதுவா பேசுங்க. அவ வர்ற நேரம்."

"எவ்வளவு ஆசையா வாங்கிட்டு வந்தா! ஊருக்குப் போற நேரத்துல இதைச் சொன்னா முகம் விழுந்துடும். ரயில்ல உட்கார்ந்து அழுதுக்கிட்டே போவா."

"சொல்லவேண்டாம். அவ போனப்புறம் கடையில மாத்திக்கலாம். இப்போதைக்குப் பழைய படம் எதையாவது கொடுத்துவிடுங்க. முறைச்சா முறைச்சுட்டுப் போறேன்," என்றாள் மனைவி.

கீழே கேட் கிறீச்சிட்டது.

"வந்துட்டா! நீ அப்படியே உட்காரு. நான் எடுக்கற மாதிரி நடிக்கறேன். இது நல்லா வேலை செய்யுதுன்னு அவ நம்பணும்." பொத்தானை அமுக்கிக் காமிராவை மனைவிக்கு நேரே நீட்டினார். விளக்கு மினுக்கத் தொடங்கியது.

"சத்தம் வராதே? கண்டுபிடிச்சுடுவாளே?"

அதுவும் நியாயம்தான். ஸ்டூடியோக்காரர் ஒரு நொடி யோசித்தார். பிறகு மிகவும் பொறுப்பாக, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, "க்ளிக்" என்றார். அது சரியாக வரவில்லை. மாட்டை ஓட்டுகிற மாதிரி இருந்தது. உதட்டைக் குவித்து மறுபடி, "க்ளுக்" என்றார்.

மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். நெற்றியில் கண்ணாடி, நீட்டிய கைகள், குவிந்த உதடு. எத்தனை நாழிதான் அடக்குவாள் பாவம்? பொங்கிவிட்டது. ஸ்டூலே ஆட, கண்ணில் நீர் வர, அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

க்ளிக்.

"நீயா சத்தம் போட்டே?" என்றார் அவர்.

"நான் எங்கே போட்டேன்? நீங்கதானே..." சொல்லி முடிப்பதற்குள் இன்னும் பெரிதாகச் சிரிப்பு வந்தது.

க்ளிக். க்ளிக்.

"ஐயையோ, நான் கையே வைக்கலை! தானா எடுக்குது!"

வாசலில் நின்ற மகள் கைதட்டினாள். "அப்பா! சிரிச்சாத்தான் எடுக்கற மாதிரி வெச்சுட்டுப் போனேன். சும்மா இருந்தா போதும்னு சொன்னேனே! நீங்க வழக்கம்போல அம்மாவைச் சிரிக்காதேன்னீங்களா?"

மகள் திரையில் படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, போர்வை நழுவியிருந்தது, ஒரு கை கலங்கலாகத் தெரிந்தது. வாடிக்கைக்காரர் யாராவது இப்படி அசைந்திருந்தால் திட்டியிருப்பார். இப்போது கண்ணை எடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீ இவ்வளவு அழகா சிரிப்பியா?"

"நீங்க விட்டாத்தானே?" என்றாள் மனைவி.

அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. "ரயிலுக்கு நேரமாச்சு, பிரிண்ட் போடணும்" என்று காமிராவோடு கீழே ஓடினார். மூன்று பேரும் பிரிண்டர் முன்னால் நின்றார்கள். ஒரே தாளில், இரண்டு வரிசையாக, எட்டு மனைவிகள் சின்னச் சின்னதாகச் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். பாஸ்போர்ட் அளவை மாற்ற மறந்துவிட்டார். பின்னே, எந்தக் காலத்தில் அவர் அதை மாற்றியிருக்கிறார்?

"ஒருத்தியையே சமாளிக்க முடியலை, எட்டா?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"இரு பாப்பா, பெருசா போட்டுத் தரேன்."

பெரிய படத்தை மகள் கசங்காமல் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். "இனிமே நல்லா தூங்குவேன்பா," என்றாள். அவர் வேறு பக்கம் திரும்பி, மூக்கை உறிஞ்சியபடி கத்தரிக்கோலைத் தேடினார். சின்னத் தாளிலிருந்து ஒரு படத்தை, ஓரம் பிசகாமல் வெட்டினார்.

"அது எந்த ஆபீஸுக்குங்க?" என்று கேட்டாள் மனைவி.

"எந்த ஆபீஸுக்கும் இல்ல. எனக்கு," என்று சொல்லி அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.