மார்கெல்லா இந்தப் பக்கம் வரவில்லை

திங்கள்கிழமை காலை இசிதோரோஸ் முதலாளி பாதாம் இனிப்புப் பெட்டியோடு அலுவலகத்துக்குள் நுழைந்தபோது, ஸ்தமாத்திஸ் ஏற்கெனவே அவருக்குத் துரோகம் செய்து முடித்திருந்தான்.

இனிப்பு, முதலாளியின் மனைவி மார்கெல்லாவின் பெயர்நாளுக்கு, அதாவது அவள் பெயரைத் தாங்கிய புனிதையின் திருநாளுக்கு. அந்த அம்மாள் அவரோடு பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. பேச்சு வேறு, இனிப்பு வேறு என்பது முதலாளியின் கட்சி. வருடம் தவறாமல் வாங்கி வருவார். கிரேக்க நாட்டின் பிரேயஸ் துறைமுகத் தெருவில் இருக்கும் கப்பல் அலுவலகங்கள் எல்லாம் வந்து வாயில் போட்டுக்கொண்டு, "மார்கெல்லாம்மா நூறு வயசு இருக்கணும்" என்று அவரிடம் வாழ்த்திவிட்டுப் போகும். வாழ்த்துக்கு உரியவளோ கடல் தாண்டித் தன் தாய்வீட்டுத் தீவில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தாள்.

சண்டைக்குக் காரணம் கப்பல். மார்கெல்லாவுக்குச் சீதனமாக வந்த வீடு பிரேயஸில் கடலைப் பார்த்து இருந்தது. முதலாளி அதை அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விற்று, ஏற்கெனவே பாதி வயதான சரக்குக் கப்பல் ஒன்றை வாங்கினார். விற்ற சேதி அவளுக்கு எப்படித் தெரிந்தது என்றால், வாங்கியவர்கள் திரைச்சீலைக்கு அளவெடுக்க நாடாவோடு வந்து கதவைத் தட்டினார்கள். சமாதானத்துக்கு முதலாளி கப்பலுக்கு 'மார்கெல்லா' என்று பெயர் வைத்தார். அவள் அன்று மாலையே பெட்டியைக் கட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு கப்பல்தான் பேசிக்கொண்டிருந்தது. கருங்கடலுக்குப் போகும்போதும் வரும்போதும் நேர்வழியை விட்டு விலகி, தீவின் கிழக்குப் பக்கமாக அந்த வீட்டை ஒட்டி வந்து, வேகத்தைக் குறைத்து மூன்று முறை ஊதும். அந்தத் தீவில் பிறந்த கப்பல்காரர்கள் எல்லாரும் செய்வதுதான் இது. மற்ற வீடுகளில் பெண்கள் மேஜை விரிப்பை எடுத்து வீசிக் காட்டுவார்கள். இந்த வீட்டில் ஒன்றும் நடக்காது. "ஜன்னல் சாத்தியிருந்தது" என்று கேப்டன் ஒவ்வொரு முறையும் சொல்வார். முதலாளி "சரி" என்பார்.

இந்த ஊதலுக்கு ஒன்றரை மணி நேரமும் அதற்கான எண்ணெயும் ஆகும். கப்பலை வாடகைக்கு எடுத்தவன் ஏன் நின்றாய் என்று கேட்பானே? அதற்கு ஸ்தமாத்திஸ் இருந்தான். கப்பலின் ஓட்டம், செலவு, தாமதம் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வது அவன் வேலை. அறிக்கையில் "மீன்பிடிப் படகுகளின் நெரிசல்" என்று எழுதுவான். ஒரு வாடகைக்காரன் மட்டும், "உங்கள் கப்பல் வரும் நாளெல்லாம் அங்கே மீன் நிறையக் கிடைப்பது அறிந்து மகிழ்ச்சி" என்று பதில் எழுதி, எண்ணெய்க் காசைக் கழித்துக்கொண்டான்.

இந்த முறை நிலைமை அவ்வளவு சொகுசாக இல்லை. அலெக்சாந்திரியாவில் பாரந்தூக்கி பழுதாகி, சரக்கை இறக்கும் வேலை இழுத்துக்கொண்டே போய்விட்டது. அந்தத் தாமதத்துக்கான காசைக் கேட்டுக் கடிதம் போட்டாயிற்று. அது சண்டை போட்டு முடித்து அடுத்த கோடையில் வரலாம். அடுத்த சரக்கு ருமேனியாவின் கொன்ஸ்தாந்தா துறைமுகத்தில் கோதுமை. புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கப்பல் அங்கே போய், 'வந்துவிட்டேன், ஏற்றலாம்' என்று அறிவிக்க வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் ஜெனீவாவில் இருக்கும் கோதுமை வியாபாரி ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடலாம். போடத்தான் துடித்துக்கொண்டிருந்தான். ஒப்பந்தம் எழுதிய பிறகு சந்தையில் கப்பல் வாடகை பாதியாக இறங்கிவிட்டது. பெரியவர் எப்போது கண்ணை மூடுவார் என்று தினமும் நலம் விசாரிக்கும் வாரிசைப் போல, காலையும் மாலையும் "கப்பல் நலமா?" என்று கேட்டு எழுதினான்.

ஒப்பந்தம் போனால் மாதக் கடைசியில் வங்கித் தவணை கட்ட முடியாது. தவணை போனால் கப்பல் போகும். நிறுவனத்துக்கு இருப்பதே அந்த ஒரு கப்பல்தான். ஆகவே விடியும்போதே ஸ்தமாத்திஸ் கேப்டன் லூக்காஸைக் கூப்பிட்டான்.

"கேப்டன், இந்தத் தடவை தீவுப்பக்கம் போக வேணாம். மேற்கால நேரா போயிடுங்க."

"என்னப்பா பேசறே? இன்னைக்கு அந்தம்மா பேர்நாள். மூணுக்குப் பதிலா ஆறு ஊதுன்னு முதலாளி சொல்லியிருக்காரு."

"அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

"சொல்லிட்டியா, சொல்லிக்கப் போறியா?"

"சொல்லிக்கறேன்."

"சரி. உன் வேலை போனதும் எனக்கு ஒரு போன் போடு. என் மச்சான் ஒருத்தன் சும்மாதான் இருக்கான்."

காலையில் சொல்லியிருக்கலாம். வந்தவர்கள் இனிப்புத் தின்றுகொண்டிருந்தார்கள். மதியம் சொல்லியிருக்கலாம். முதலாளி புதுச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்தமாத்திஸின் வாயில் கொழுக்கட்டை. மூன்று மணிக்கு முதலாளி தம் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஊதியாச்சா?"

"ஆகும் சித்தப்பா."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். மார்கெல்லா ஸ்தமாத்திஸின் அம்மாவுக்குத் தங்கைதான். ஆனாலும் அலுவலகத்தில் 'முதலாளி' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது முதல் நாளிலேயே பேசி முடித்த விஷயம்.

"என்னடா, சித்தப்பாங்கறே? என்ன பண்ணித் தொலைச்சே?"

அவன் வாயைத் திறப்பதற்குள் தொலைபேசி அடித்தது. எடுத்தான்.

"ஸ்தமாத்தி, கப்பல் எங்கேடா?"

அவன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "சித்தி! பேர்நாள் வாழ்த்து..."

"வாழ்த்தைக் கொண்டுபோய்க் கடல்ல போடு. லூக்காஸ் பொண்டாட்டி மூணு மணின்னு சொன்னா. ரெண்டரையிலேர்ந்து ஜன்னல் இடுக்கு வழியாப் பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப்போச்சு. வித்துட்டானா?"

"எதை சித்தி?"

"கப்பலைத்தாண்டா. என் பேர்ல இருக்கறதை எல்லாம் என்கிட்ட சொல்லாம விக்கறதுதானே அந்த மனுஷன் வழக்கம்?"

ஸ்தமாத்திஸ் ரிசீவரை நீட்டினான். அந்தக் குரலுக்கு ரிசீவர் தேவையே இல்லை; அறை முழுக்கக் கேட்டது. முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. வாங்கிக் காதில் வைத்தார்.

"விக்கல" என்றார்.

பதினோரு வருடம் கழித்து மனைவியிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை அது. அடுத்த வார்த்தை சொல்ல வெகுநேரம் வாய்ப்புக் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே கேட்டார். நடுவில் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "கப்பல் எங்கேடா?" என்றார். ஸ்தமாத்திஸ் உண்மையைச் சொன்னான்.

"திருப்பு."

"முதலாளி..."

"திருப்பச் சொல்லு. இத்தனை நாளா ஜன்னலுக்குப் பின்னாடி நின்னு பார்த்திருக்கா, தெரியுமாடா உனக்கு? வீட்டு வாசல்ல போய் ஆறு தடவை ஊதச் சொல்லு."

"திருப்பினா புதன்கிழமை போய்ச் சேர முடியாது. ஜெனீவாக்காரன் கிழிச்சுப் போட்டுடுவான். மாசக் கடைசில பேங்குக்காரன் கப்பலைத் தள்ளிக்கிட்டுப் போயிடுவான்."

"போகட்டும். நீ திருப்பு."

"மாட்டேன்" என்றான் ஸ்தமாத்திஸ்.

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. இருபது வருடத்தில் இந்த மனிதரிடம் அவன் சொல்லாத சொல் அது. மேஜையைப் பிடித்துக்கொண்டான். முதலாளி மேஜையிலிருந்த இன்னொரு தொலைபேசிக்குக் கையை நீட்டினார், கேப்டனை அவரே கூப்பிட. ரிசீவரைப் பொத்தியிருந்த கை விலகியது. ஸ்தமாத்திஸ் குனிந்து அதற்குள் கத்தினான்.

"சித்தி! உங்க வீட்டு முன்னாடி ஊதறதுக்காகக் கப்பலைத் திருப்பச் சொல்றாரு! திருப்பினா கப்பல் கையை விட்டுப் போயிடும்!"

அந்தப் பக்கத்திலிருந்து பதில் பாய்ந்து வந்தது.

"யோவ்! அந்தக் கப்பல்ல என் சமையலறை இருக்குய்யா. என் பால்கனி இருக்கு. எங்கப்பா போட்ட தரை இருக்கு. அதை நடுக்கடல்ல திருப்பி விளையாடறியா? ஊதி ஊதி என்ன கண்டே? மத்தியானத் தூக்கம் போச்சு, நாய் கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குது. பதினோரு வருஷமாக் கப்பலை அனுப்பறியே, நீ ஒரு தடவை வந்தியா?"

"நீ கூப்பிடலையே" என்றார் முதலாளி. அவர் குரல் அவ்வளவு சின்னதாக இருந்து ஸ்தமாத்திஸ் கேட்டதில்லை.

"வீட்டை விக்கும்போது மட்டும் என்னைக் கேட்டுக்கிட்டாச் செஞ்சே?"

தொலைபேசியை வைத்துவிட்டாள். முதலாளி உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, குளிர்சாதனக் காற்று நேரே முகத்தில் அடிப்பதாகக் குறை சொன்னார். பிறகு மீதி இனிப்பு எவ்வளவு இருக்கிறது என்று பெட்டியைத் திறந்து பார்த்தார்.

தீவுக்குப் போகும் அன்று மாலைப் படகுக்கே போய் நின்றார். அன்று மாலையிலிருந்துதான் படகு ஊழியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வீட்டுக்குத் திரும்பச் சொன்னால் கேட்கவில்லை. திரும்பினால் மனது மாறிவிடும் என்று தம்மைப் பற்றி அவருக்கே தெரிந்திருந்தது. செவ்வாய்க்கிழமை முழுவதும் படகுத்துறைக் காபிக்கடையில் பெட்டியும் இனிப்புமாக உட்கார்ந்துகொண்டு, நினைத்தபோதெல்லாம் ஸ்தமாத்திஸைக் கூப்பிட்டார். கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நம்ம கப்பலை எவனாவது நிறுத்தி வச்சா நாம காசு கேக்கறோம். என்னை நிறுத்தி வச்சதுக்கு யார்கிட்டடா கேக்கறது?"

"டிக்கெட் பின்னாடி படிச்சுப் பாருங்க."

சற்று நேரம் தாள் சரசரத்தது. "காற்று, வேலைநிறுத்தம், கடவுள் செயல், எதுக்கும் பொறுப்பில்லையாம். பாவிங்க, நாம எழுதற மாதிரியே எழுதியிருக்கானுங்க."

அன்று மாலை, கருங்கடலுக்குள் போக ஒரே வழியான பொஸ்பரஸ் ஜலசந்தியின் வாசலில் 'மார்கெல்லா' தன் முறைக்குக் காத்திருந்து உள்ளே நுழைந்தது. அதற்குப் பின்னால் வந்த ஒரு கப்பலுக்குச் சுக்கான் இறுகிப்போய், ஜலசந்தியையே மூடிவிட்டார்கள். கேப்டன் லூக்காஸ் தாமே கூப்பிட்டுச் சொன்னார்.

"நமக்கு ஒரு மணி நேரம் பின்னாடி வந்தவன் எல்லாம் அங்கேயே நிக்கறான். தீவுப்பக்கம் போயிருந்தா நாமளும் அவனுங்களோடதான் நின்னிருப்போம். மச்சான்கிட்ட வேலை இல்லேன்னு சொல்லிடறேன்."

புதன்கிழமை பிற்பகல் கப்பல் கொன்ஸ்தாந்தாவுக்கு வெளியே நங்கூரம் போட்டது. ஐந்து மணி ஆக இன்னும் நேரம் இருந்தபோதே ஸ்தமாத்திஸ் அறிவிப்பை ஜெனீவாவுக்கு அனுப்பினான். ஜெனீவாக்காரனிடமிருந்து, "பெற்றுக்கொண்டோம்" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. அன்று மாலை அவன் கப்பலின் நலத்தை விசாரிக்கவில்லை.

ஸ்தமாத்திஸ் ஒரு பாதாம் இனிப்பை மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்தான். திங்கள்கிழமை குற்ற உணர்ச்சியில் தின்ன முடியாமல் ஒளித்து வைத்தது. தின்றுவிட்டு முதலாளியைக் கூப்பிட்டான். வெகுநேரம் மணி அடித்தது. எடுத்தவர் ரகசியக் குரலில் பேசினார்.

"என்னடா?"

"கப்பல் போய்ச் சேர்ந்தாச்சு, முதலாளி. நேரத்துக்குள்ள அறிவிப்புக் குடுத்தாச்சு. கோதுமை நமக்குத்தான்."

"சரி, சரி. அப்புறம் பேசு. திட்டிக்கிட்டிருக்கா."

"ஸ்ட்ரைக் முடிஞ்சு காலைலதானே போய்ச் சேர்ந்தீங்க? இன்னுமா?"

பின்னாலிருந்து சித்தியின் குரல் ஒரே சீராக, மூச்சு விடாமல் வந்துகொண்டிருந்தது. தட்டு வைக்கும் சத்தமும் கூடவே கேட்டது.

"வாசல்ல காலை வச்சதுமே ஆரம்பிச்சா" என்றார் முதலாளி. அவர் குரலில் அப்படியொரு சந்தோஷம். "இப்பத்தான், திரைச்சீலைக்கு அளவெடுக்க வந்தானுங்களே, அந்த இடத்துக்கு வந்திருக்கா."