வெள்ளம் தொடாமல்

மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நேராகத் தரையில் விழாது. பெட்டியின் மூலையில் கொஞ்ச நேரம் தொங்கிவிட்டு, பைக்கின் பின் சக்கரத்து ஸ்போக்ஸ் கம்பியைத் தேடிப் பிடித்து அதன் வழியாகத்தான் இறங்கும். உப்பும் மீன் சளியும் கலந்த தண்ணீர். புதுக் கம்பி போட்டாலும் ஒரு மழைக்காலம் தாங்காது. பைக்கில் மீன் விற்கிறவனுக்கு வாழ்க்கைப்பட்ட எவளைக் கேட்டாலும் இதைச் சொல்வாள்.

என் புருஷன் வாலண்டைன் பொழியூர்க் கரையில் விடியும்போது மீன் எடுத்து, பாறசாலை தாண்டி ஆரியங்கோடு, வெள்ளறடை என்று மலைப்பக்கம் ஏறுவார். மத்தியானம் திரும்பினால் சோறு கேட்கமாட்டார். முதலில் பைக் குளிக்க வேண்டும். பைப்படியில் நிறுத்தி, நல்ல தண்ணீர் ஊற்றி, பழைய பல் பிரஷால் ஒவ்வொரு கம்பியாகத் தேய்த்துத் துடைத்து, தேங்காய் எண்ணெய்த் துணியால் ஓர் இழுப்பு இழுப்பார்.

"என்னை ஒரு நாளாவது இப்பிடி குளிப்பாட்டியிருக்கியளா?" என்று கேட்பேன்.

"உன்னைத் துரு பிடிக்காது ரோசா. நீ எவர்சில்வர் ஆக்கும்" என்பார்.

இவ்வளவு செய்தும் துரு வந்தது. எண்ணெயைத் துடைத்தால் துணியில் செம்மண் மாதிரி ஒட்டியது. அதைப் பார்த்து அவர் முகம் வாடுவதைக் கண்டால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று தோன்றும். ஆரியங்கோட்டில் வாடிக்கை வீடான வேதமாணிக்கம் அண்ணனிடமும் போய்ப் புலம்பியிருக்கிறார்.

வேதமாணிக்கம் அண்ணன் ரப்பர்க்காரர். பழைய மிஷன் சபைக்காரர், ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் குழுவில் முதல் வரிசை. எங்கள் மாதாவைக் கும்பிடமாட்டார், எங்கள் வாளை மீனை மட்டும் விடமாட்டார். வாரத்துக்கு மூன்று முறை மீன் வாங்குவார். வாலண்டைன் அங்கே போனால் பால் சேர்க்காத கட்டன்சாயா குடிக்காமல் வர முடியாது. இரண்டு பேரும் சொந்தக்காரர்கள் இல்லை, ஒரே சபை இல்லை, ஒரே தொழில் இல்லை. ஆனாலும் 'அண்ணன் சொன்னாரு' என்றால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

ஒரு நாள் வாலண்டைன் ஒரு பிளாஸ்டிக் குப்பியோடு வந்தார். ரப்பர் பாலை உறைய வைத்து ஷீட் ஆக்குவதற்கு ஊற்றுகிற ஆசிட். மலைப்பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கும்.

"அண்ணன் தந்தது. துணியில முக்கி ஒரு தேய்ப்பு தேச்சா துரு ஓடிரும். ஒண்ணே ஒண்ணு, வெள்ளம் தொடப்பிடாதாம்."

எங்கள் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வோம். தண்ணீர் படக்கூடாது என்று அண்ணன் சொன்னாராம்.

"கழுவாம எப்பிடி? நாத்தம் எடுக்காதா?" என்றேன்.

"பெட்டியைக் கழுவலாம். வீலைத்தான் தொடப்பிடாது. அண்ணன் சும்மா சொல்லுவாரா?"

ஒருவன் கேட்டதை அப்படியே நம்பினால், வெள்ளம் தொடாமல் விழுங்கினான் என்று எங்கள் ஊரில் கேலி செய்வோம். என் புருஷன் அண்ணனின் பேச்சை அப்படித்தான் விழுங்கினார்.

சக்கரம் மின்னியது என்றால் அப்படி ஒரு மின்னல். கரையில் எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். வாலண்டைன் படம் எடுத்து அண்ணனுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினார். அங்கிருந்து கைகூப்பும் பொம்மையும் ஒரு பூவும் வந்தன. அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்ததும் ஆசிட் துணிதான். பல் பிரஷ் பைப்படியில் காய்ந்து கிடந்தது. மத்தியானம் வந்ததும் சோறு கேட்க ஆரம்பித்தார். எனக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது, கடவுள் என்னை மன்னிக்கட்டும்.

மழை விட்ட ஒரு காலையில், ஆரியங்கோட்டு இறக்கத்தில், பெட்டி நிறையச் சாளை மீனோடு இறங்கும்போது பின் சக்கரம் மடங்கியது. படபடவென்று கம்பிகள் தெறித்த சத்தம் கேட்டதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அவரைத் தூக்கி ஒரு வீட்டின் வெட்டுக்கல் மதிலில் அடித்திருக்கிறது. ரோடெல்லாம் சாளை.

திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் அவர் கிடந்தபோது, பைக்கை எடுத்துப்போன செங்கல் ஊர் மெக்கானிக் கனகதாஸ் என்னையும் மகன் டெல்வினையும் கூப்பிட்டுக் காட்டினார். கம்பியின் நடுப்பாகம் வெள்ளி மாதிரி இருந்தது. ரிம்முக்குள் நுழைகிற தலைப்பாகத்தைக் கழற்றினால், பென்சில் முனை அளவுக்குக்கூடத் தடிப்பு இல்லை. கையிலேயே பொடிந்தது.

"ஆசிடு தேச்சிட்டுக் கழுவாம விட்டிருக்கு. மேல உள்ள பூச்சையும் அது எடுத்துப் போட்டு. பிறவு தலைக்குள்ள கெடந்து தின்னிருக்கு" என்றார்.

அந்தக் கம்பியைக் கையில் பொத்திக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்குக் கோபம் வந்தால் இடம் பொருள் தெரியாது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்க, அந்த ஆரியங்கோட்டுக்காரனை நான் சும்மா விடமாட்டேன் என்று கத்தினேன். வாலண்டைனுக்குப் பேச மூச்சு போதவில்லை. கையை அசைத்து என்னைக் குனியச் சொன்னார்.

"அண்ணனுட்ட சொல்லாத, ரோசா."

"ஏன் சொல்லப்பிடாது?"

"எனக்கு நல்லது செய்யத்தான் தந்தாரு. தெரிஞ்சா அந்த மனுசன் தாங்கமாட்டாரு. மாதா மேல சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன். அடுத்த நாள் காலையில் அவர் போய்விட்டார்.

அடக்கத்துக்கு வேதமாணிக்கம் அண்ணன் வந்தார். எங்கள் கோயிலுக்குள் அதுவரை கால் வைக்காத மனிதர், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு ஒவ்வொரு மாதமும் ஒரு சாக்கு மரச்சீனிக் கிழங்கோடு வந்துவிடுவார். பெட்டி இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு, வந்தபோதெல்லாம் ஒரே கேள்வி.

"அந்த வீலு எப்பிடி பிள்ளே ஒடிஞ்சு? நல்லா மினுங்கிட்டுல்லா இருந்து?"

"தெரியல்ல அண்ணே" என்பேன். நாக்கின் நுனியில் நிற்கிறதை விழுங்க எச்சில் போதாது. அவர் போனதும் கிழங்குச் சாக்கை அப்படியே பக்கத்து வீட்டு ஷைனாவிடம் கொடுத்துவிடுவேன். ஒரு துண்டுகூட என் அடுப்பில் ஏறவில்லை. மீன் வெட்டும்போது அவரிடம் சொல்ல வேண்டிய வார்த்தைகளை மனசுக்குள் கூர்தீட்டிக்கொண்டிருப்பேன். சத்தியம் மட்டும் இல்லாதிருந்தால் அவரை என்றைக்கோ கிழித்துப் போட்டிருப்பேன்.

டெல்வின் நெய்யாற்றின்கரையில் மொபைல் கடை வேலையை விட்டுவிட்டு அப்பாவின் பைக்கை எடுத்தான். புது ரிம், புதுக் கம்பி. வேண்டாம் மக்கா என்று சொல்லிப் பார்த்தேன், வீட்டில் வேறு வழி என்ன என்று கேட்டான். பல் பிரஷ் மறுபடி நனைந்தது. அவன் வரத் தாமதமாகிற நாளில் எனக்கு அந்தப் படபட சத்தம் காதில் கேட்கும், நான் ஒருபோதும் கேட்டிராத சத்தம்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டெல்வின் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். வேதமாணிக்கம் அண்ணன் ஒரு தோளில் கிழங்குச் சாக்கோடு படலையைத் திறந்துகொண்டு வந்தார். சாக்கை இறக்கிவிட்டுக் குனிந்து கம்பியில் விரலை ஓட்டினார்.

"துரு வருதே மக்கா. அப்பனுக்கு நான் தந்தேன்லா, அதைக் கொண்டாந்திருக்கேன்." பையிலிருந்து அதே மாதிரி ஒரு குப்பியை எடுத்தார். "துணியில முக்கித் தேய். வெள்ளம் தொடப்பிடாது, கேட்டியா?"

அதே பேச்சு, அட்சரம் மாறாமல். டெல்வின் என்னைப் பார்த்தான். நான் குப்பியைக் கையில் வாங்கினேன்.

"எதுல அண்ணே வெள்ளம் தொடப்பிடாது?"

"ஆசிடுலதான். குப்பியில வெள்ளம் சேந்தா வீரியம் போயிருமே."

"அப்ப வீலை?"

"வீலை நல்லா கழுவாண்டாமா? தேச்ச உடனே கழுவணும். ஷீட்டையே நாங்க எத்தனை வெள்ளத்துல அலசுவோம். அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "ஏன் பிள்ளே? வாலண்டைன் கழுவல்லியா?"

அந்தக் கேள்விக்காகத்தான் நான் இத்தனை மாதமாகக் கத்தியைத் தீட்டி வைத்திருந்தேன். இப்போது அவரே கழுத்தை நீட்டுகிறார். மலைக்காரர் எல்லாருக்கும் தெரிந்தது கடற்கரைக்காரனுக்குத் தெரியாது என்று இவர் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் என் புருஷன் இருந்திருப்பார். ஆனால் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். தப்புச் செய்தவன் முகம் இல்லை அது. துருவைக் கண்டால் வாலண்டைனுக்கு வாடுமே, அந்த முகம்.

"கழுவினாரு அண்ணே. தினமும் கழுவினாரு."

அவர் மூச்சு விட்டார். "அதானே. எனக்கு உறக்கமே இல்ல பிள்ளே. நம்ம கையால ஒண்ணும் ஆயிருக்குமோன்னு ஒரு பயம். கழுவினா ஒண்ணும் வராதுன்னு நானே சமாதானம் சொல்லிக்கிடுவேன். வீட்டுக்காரி செல்லபாயிட்டகூட சொல்லல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தார். "நல்ல சாதனம் ஆக்கும் இது. செங்கல்ல பால் விக்கானே சதாசிவன், போன வாரம் அவனுக்கும் ஒரு குப்பி குடுத்தேன்."

செங்கல்லில் பால்காரன் சதாசிவன். பசு உண்டு, பைக்கின் இரண்டு பக்கமும் பால் கேன் உண்டு, ரப்பர் ஒரு மூடு மரம்கூடக் கிடையாது.

"அவனிட்ட என்ன சொன்னிய?"

"என்ன சொல்லணும்? வெள்ளம் தொடப்பிடாதுன்னு சொன்னேன்."

மாதாவே, சத்தியத்தை நான் வேண்டுமென்று மீறவில்லை. சதாசிவனுக்கும் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"அண்ணே, இப்பவே அவனுக்குப் போன் விளியுங்க. தேச்சா கழுவணும்னு சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க."

அவர் கையைப் பிடித்து உலுக்கினேன். அவர் பதறிப்போய்ச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பெயரைத் தேடிக்கொண்டிருந்த விரல் பாதியில் நின்றது. என்னைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். பைப்படியில் கிடந்த பிரஷைப் பார்த்தார். கடைசியில் டெல்வினைப் பார்த்தார், அவன் தலையைக் குனிந்துகொண்டான். இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. எல்லாம் விளங்கிவிட்டது அவருக்கு.

போனைக் காதில் வைத்தார்.

"சதாசிவா, நான் ஆக்கும். அந்த ஆசிடைத் தேச்சியா? ...இல்லியா? நல்லது. தேச்சா உடனே வெள்ளம் ஊத்திக் கழுவணும் கேட்டியா? கம்பிக்க தலை வரைக்கும் கழுவணும். ...இல்ல, அன்னைக்கு நான் சொல்லல்ல." கண் மறுபடி சக்கரத்துக்குப் போனது. "வாலண்டைனுட்டயும் சொல்லல்ல."

போனுக்குள் சதாசிவன் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அண்ணன் அதை அணைக்கக்கூடத் தெரியாமல் கையில் பிடித்தபடி பைப்படித் திண்டில் உட்கார்ந்துவிட்டார். நான் மாதக்கணக்காகச் சேர்த்து வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. அவரை அழ விடாமல் பார்த்துக்கொள்ளத்தான் வாலண்டைன் என்னிடம் கேட்டார், அதை நான் செய்து முடிக்கவில்லை.

டெல்வின் போனை அவர் கையிலிருந்து வாங்கி அணைத்தான். சாக்கைப் பிரித்து, அவர் கொண்டுவந்த மரச்சீனியை எடுத்து நான் தொலி உரித்து அவித்தேன். சாளைக் குழம்பு ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். அவர் தின்னவில்லை. நாங்களும் தின்னவில்லை.