விக்கி வீட்டுச் சத்துமாவு

தேசத்தின் நாளைய விடியல் ஒரு பிடி சத்துமாவுக்குள் உறங்கிக் கிடக்கிறது என்று சிங்கம்புணரிக் கூட்டத்தில் முருகப்பன் முழங்கினார். அந்த இடத்தில் மைக் நின்றுவிட்டதால் விடியல் முன்வரிசையைத் தாண்டவில்லை.

நெற்குப்பையில் பழைய வீட்டை ஓட்டலாக மாற்றியவர் அவர். எடை குறைந்த பிள்ளைகள் இருக்கும் பத்து வீடுகளுக்கு அவருடைய அறக்கட்டளை வாரம் ஒரு கிலோ சத்துமாவு கொடுத்தது. பாக்கெட்டின் முன்பக்கம் முழுக்க அவர் படம். பிள்ளை படம் பின்பக்க மூலையில். பாக்கெட்டைப் பிரித்துப் பார்க்கும் வேலை மட்டும் அவருக்கு வாய்த்ததில்லை.

ஒன்பது வீட்டில் எடை ஏறியது. மஹாலட்சுமி வீட்டில் முதலில் மெதுவாக ஏறியது. அதில் சந்தேகம் வந்து, அந்த வீட்டுக்கு மட்டும் செவ்வாய்தோறும் முருகப்பன் தலைமையில் ஐந்து பேர் கொண்ட கண்காணிப்புக் கமிட்டி போக ஆரம்பித்தது. அதற்குப் பிறகு எடை ஏறுவது அடியோடு நின்றுவிட்டது. மகன் விக்கிக்கு இரண்டு வயது, எட்டரைக் கிலோ. சந்தேகம் உறுதியானது.

"இன்னைக்கும் ஏறலைன்னா பாக்கெட் வேற வீட்டுக்குப் போயிரும்," என்று காரிலேயே தீர்ப்பு ஆகிவிட்டது.

"வாங்கய்யா, வாங்க ஆச்சி," என்று மஹாலட்சுமி பாயை விரித்தாள். தட்டில் உருண்டைகளைக் கொண்டுவந்து வைத்தாள். வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பிப் பழக்கமில்லாத வீடு. முருகப்பன் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டே அடுக்குப்பானையைத் திறந்து பார்த்தார். இன்னொன்றை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் குனிந்தார். காலி பாக்கெட்டுகளைக் கேட்டார். கழுவி மடித்து வைத்திருந்தாள். எண்ணிக்கை சரியாக இருந்தது. அதுவே சந்தேகமாக இருந்தது.

"அங்குட்டுப் பாருங்க," என்றார் கமிட்டிச் செயலாளர் விசாலம் ஆச்சி. "பிள்ளை எலும்பும் தோலுமாக் கெடக்கு. ஆடு மட்டும் கல்யாண மாப்பிள்ளையாட்டம் நிக்கிது."

முருகப்பன் ஆட்டின் வாயை மோந்து பார்த்தார். பதிலுக்கு ஆடும் அவர் வாயை மோந்தது. ஆடு கொஞ்சம் அதிக நேரம் மோந்தது.

அங்கன்வாடி ஒச்சம்மாள் விட்டத்தில் தராசைக் கட்டி விக்கியைத் தொங்கவிட்டாள். எட்டரை.

"சொல்லுத்தா, மாவைத் திங்கிறது ஆடா, ஒன் புருஷனா?" என்றார் முருகப்பன்.

"அவரு திருப்பூருக்கு வேலைக்குப் போயி மூணு மாசமாச்சுய்யா."

"அப்ப எங்குட்டுத்தான் போகுது?"

மஹாலட்சுமி விக்கியை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவன் தட்டையே பார்த்தான்.

"சொல்லு மஹா," என்றாள் ஒச்சம்மாள். "நீ மருகிக்கிட்டு நின்னா இவனுக்குத்தான் பாக்கெட் நின்னு போகும்."

"வாராவாரம் அஞ்சு பேரு வாரீக. வீட்டுல குடுக்க வேற என்னய்யா இருக்கு? அந்த மாவுலதான் உருண்டை புடிக்கிறேன். ஆளுக்கு ரெண்டு வச்சாலே பாதி காலி. நல்லாருக்குன்னு ஐயா இன்னொண்ணும் கேப்பீக. மிச்சத்தைக் கூழாக் காச்சி இவனுக்கு ஊட்டுறேன். வெள்ளிக்கெழமையோட தீந்துருது."

கமிட்டி மெல்லுவதை நிறுத்தியது. விசாலம் ஆச்சி புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்தார்.

"நீங்க போகாத ஒம்பது வீட்டுலயும் எடை ஏறியிருக்குங்கய்யா," என்று ஒச்சம்மாள் தராசை அவிழ்த்தாள்.

ஆச்சி நோட்டைப் பிரித்தார். விக்கிக்குப் பாக்கெட் தொடரும், கமிட்டி இனி வராது என்று தீர்மானம் எழுதி, ஆதரிப்பவர்கள் வழக்கம்போல் வலக்கையைத் தூக்கலாம் என்றார். நாலு வலக்கை உயர்ந்தது.

முருகப்பன் இடக்கையைத் தூக்கினார். வலக்கையில் மூன்றாவது உருண்டை இருந்தது.