ஏழாம் பக்கத்தில் மூன்று வரி

மாநாட்டுக்காரர்களின் இணையதளம் கட்டுரையை மறுபடியும் திருப்பி அனுப்பிவிட்டது. சிவப்பு எழுத்தில் ஒரே வரி: இடது ஓரத்தில் விட வேண்டிய இடைவெளி போதவில்லை. என் தங்கை நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மயிரிழைதான் குறைச்சேன். அதையும் கண்டுபிடிச்சிடுச்சு" என்றாள். நான் பொத்தான், ஜிப், லைனிங் துணி விற்கிறவன். அளக்கும்போது துணியை லேசாக இழுத்துப் பிடித்தால் விரல்கடை மிச்சம் என்பதை நடக்கப் பழகிய வயதிலேயே பார்த்தவன். இழுக்கிற கையைக் கண்ணாலேயே பிடித்து நிறுத்துகிற வாடிக்கையாளர்களையும் பார்த்திருக்கிறேன். "உங்க மாநாட்டுல நம்ம அப்பாவைவிடக் கறாரான ஆளைக் கல்லாவுல உட்கார வச்சிருக்காங்க போல" என்றேன். சாதாரண நாளில் இதற்குச் சிரித்திருப்பாள். அன்று உதட்டைக் கடித்துக்கொண்டு எழுத்தின் அளவை அரைப் புள்ளி குறைத்தாள். அதுவும் சிவப்பாகத் திரும்பி வந்தது.

சிக்கல் இதுதான். கட்டுரை ஆறு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். ஏழாம் பக்கத்தில் ஒரு சொல் விழுந்தாலும் அந்த இணையதளத்தில் சரிபார்க்கிற இயந்திரம் உள்ளே விடாது. பக்கம் செய்தித்தாள் மாதிரி இரண்டு பத்தியாகப் பிரிந்திருக்கும். தலைப்புக்குக் கீழே எழுதியவர்களின் பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒவ்வொரு பெயருக்கும் அடியில் துறை, நிறுவனம், மின்னஞ்சல். ஒரு வரிசையில் மூன்று பேர்தான் கொள்வார்கள். நாலாவது ஆள் வந்தால் அவருக்கென்று கீழே இன்னொரு வரிசை பிறக்கும். அது கட்டுரை முழுவதையும் கீழே தள்ளி, கடைசி மூன்று வரிகளை ஏழாம் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். நேற்றுவரை பெயர்கள் மூன்றுதான்: என் தங்கை, என் மனைவி, தங்கையின் ஆராய்ச்சியை வழிநடத்தும் கைடு. நேற்று மாலை கைடு போனில் கூப்பிட்டு, துறைத் தலைவர் பெயரையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். நாலாவது பெயருக்கென்று ஒரு காலி வரிசையை மட்டும் தங்கை போட்டு வைத்திருந்தாள். துறைத் தலைவர் கட்டுரையைப் படித்தாரா என்று கேட்டேன். "தலைப்பைப் படிச்சிருப்பார்" என்றாள் தங்கை.

கட்டுரை, இடுப்பு எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை ஆனவர்களைப் பற்றியது. கணுக்காலில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டால், அவர்கள் நடக்கிற நடையை வைத்து, இவர் சீக்கிரத்தில் விழப்போகிறார் என்று அது முன்கூட்டியே சொல்லும். பட்டைக்குள் ஓடுகிற கணக்கு என் தங்கையுடையது. பட்டையைக் கட்டிக்கொள்ள அறுபது பேரைச் சம்மதிக்க வைத்து, வலியில் திட்டுகிறவர்களைத் திரும்பத் திட்டி, நடக்க வைத்தவள் என் மனைவி. அவள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். கட்டுரையின் மூன்றாம் பகுதியை வரிக்கு வரி எழுதியதும் அவள்தான். அடக்கம் என்பது அவள் அகராதியில் சவத்துக்குச் செய்கிற காரியம். அதனால் கட்டுரை வரப்போவதை வார்டு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். சும்மா பெருமைக்கு இல்லை. தலைமை பிசியோதெரபிஸ்ட் பதவிக்கு அடுத்த மாதம் நேர்காணல். போட்டிக்கு நிற்கும் இன்னொருத்தியிடம் வெளியான கட்டுரை இருக்கிறது. இவளிடம் இருப்பது இந்த ஒன்றுதான், அதுவும் இன்னும் வெளியாகவில்லை.

அன்று ஞாயிறு, கடை அடைப்பு. மனைவிக்கு மட்டும் வார்டில் வேலை. நாலு மணிக்கு மேல் வந்துவிடுவாள். ஐந்து மணிக்குள் கட்டுரையை ஏற்றிவிட வேண்டும். "இடம்தான் அண்ணா பிரச்சினை. மூணு வரி" என்று தங்கை சொன்னபோது எனக்கு உள்ளூர உற்சாகமாகத்தான் இருந்தது. மூன்று வரிக்கு மனிதன் தோற்பதா? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். "ஓரத்துல திருடாதே, அது நடக்காது. சரக்குல குறை. எங்க, முதல் பாராவைப் படி."

படித்தாள். பாதி எனக்குப் புரியவில்லை. பேரத்துக்கு அது தேவையும் இல்லை.

"இந்த வாக்கியம் என்ன வேலை பார்க்குது?"

"முன்னாடி வாக்கியத்தை விளக்குது."

"ஏன், முன்னாடி வாக்கியத்துக்கு வாய் இல்லையா?"

எடுத்தாள். 'மிகவும் குறிப்பிடத்தக்க வகையில்' என்று ஓரிடத்தில் வந்தது. அது எதற்கு என்றேன். சும்மா ஒரு கனத்துக்கு என்றாள். "நாங்க தராசுல கல்லை மறைச்சு வச்சா குத்தம், நீங்க வச்சா ஆராய்ச்சியா?" என்றேன். இதற்கு அவள் மூக்கால் சிரித்தாள். அதையும் எடுத்தாள். அப்புறம் ஒரு சூட்சுமம் எனக்குப் பிடிபட்டது. சில பாராக்களின் கடைசி வரியில் ஒரே ஒரு சொல் உட்கார்ந்திருக்கும். ஒற்றை ஆளுக்காக பஸ் ஓடுகிற மாதிரி. அந்தப் பாராவில் எங்காவது இரண்டு சொல்லை உருவினால் அந்த ஆள் மேல் வரிக்கு ஏறிவிடுவார், ஒரு வரி முழுசாகக் கையில் விழும். நாங்கள் அப்படிப்பட்ட பஸ்களாகத் தேடித் தேடி நிறுத்தினோம். கட்டுரை கெட்டதா என்று கேட்டால், இல்லை. கொழுப்பு போன ஆள் மாதிரி நிமிர்ந்துதான் நின்றது. நடுவில் ஒருமுறை தங்கை, "இது போனா ரிவ்யூ பண்றவங்க கேள்வி கேப்பாங்க அண்ணா" என்று ஒரு வாக்கியத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். விட்டுக்கொடுத்தேன். எல்லாவற்றையும் ஜெயிக்கிற பேரம் நிலைக்காது.

கடைசிப் பக்கத்தில் நன்றி என்று ஒரு சின்னப் பகுதி இருந்தது. பட்டையைப் பரிசோதித்ததில் உதவிய பிசியோதெரபிஸ்டுக்கு நன்றி என்று என் மனைவியின் பெயர் போட்டிருந்தது.

"இது எப்ப வந்துச்சு?" என்றேன்.

"நேத்து. சார் சொன்னாரு."

"மேல பேரு வர ஆளுக்குக் கீழ எதுக்கு நன்றி? தூக்கு."

அவள் கொஞ்சம் தயங்கினாள். அந்தத் தயக்கத்தை நான் கவனித்தேன், ஆனால் லாபம் கண்ணில் தெரியும்போது காது கொஞ்சம் மந்தமாகிவிடும். "தூக்குடி" என்றேன். தூக்கினாள். ஏழாம் பக்கம் மறைந்தே போனது. ஆறாம் பக்கத்தின் அடியிலும் நல்ல வெள்ளை. நாலாவது ஆளை உட்கார வைத்து, காலை நீட்டிக்கொள்ளவும் சொல்லலாம்.

"போடு இப்ப பேரை" என்றேன்.

அவள் பேரைப் போடவில்லை. இரண்டாம் பக்கத்துக்குப் போய் ஒரு காற்புள்ளியை எடுத்தாள். மறுபடி அதை வைத்தாள். பிறகு மேற்கோள் பட்டியலில் ஓர் ஆண்டைச் சரிபார்த்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடையில் சில பேர் வருவார்கள். இந்த விலைக்கு வேண்டாம் என்பார்கள். குறைப்போம். நிறம் சரியில்லை என்பார்கள். வேறு நிறம் எடுப்போம். வீட்டில் கேட்க வேண்டும் என்பார்கள். அந்த இடத்தில் தெரிந்துவிடும், இவர் வாங்குவதற்கு வரவில்லை, மழைக்கு ஒதுங்கியிருக்கிறார் என்று. என் அப்பாவுக்கு முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிடும். எனக்கு அன்று முழு மதியமும் தேவைப்பட்டது.

"கைடு சரியா என்ன சொன்னார்?" என்றேன்.

"துறைத் தலைவர், அவரு, நான். மூணு பேர் போதும்னாரு. ஒரு வரிசையில மூணு பேர்தான் வருவாங்க, பார்த்துக்கோன்னாரு."

"அண்ணி பேரைப் போட்டா தீசிஸ்ல கையெழுத்துப் போட மாட்டேன்னாரா?"

"அப்படி யாராவது சொல்வாங்களா? ஆஸ்பத்திரி ஆளுங்களுக்கு நன்றி போதும்மா, உனக்கும் அதுதான் நல்லதுன்னாரு." காலைக் கீழே இறக்கினாள். "தீசிஸ் அவர் மேசையிலதான் இருக்கு. போன மாசத்துலேர்ந்து."

பார்த்துக்கோ என்கிற சொல்லை வியாபாரத்தில் நான் நிறையக் கேட்டிருக்கிறேன். சொன்னவர் கை சுத்தமாக இருக்கும். கேட்டவர் கையில்தான் கறை. "அப்புறம் எதுக்குடி என்னை உட்கார வச்சு இவ்வளவு நேரம் வெட்ட விட்டே?"

"வெட்டினாலும் இடம் வராதுன்னு நெனச்சேண்ணா" என்றாள்.

அதற்கு மேல் அவளிடம் என்ன கேட்பது. அழுதிருந்தால் அதட்டியிருப்பேன். அவள் அழவில்லை. நகத்தால் மேசை விளிம்பில் ஒட்டியிருந்த எதையோ சுரண்டிக்கொண்டிருந்தாள். அவள் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது நான் கணக்குப் பார்த்தேன். எத்தனை வருஷம், முடித்தால் என்ன கிடைக்கும் என்று. அவள் அண்ணி கணக்குப் பார்க்கவில்லை. உள் அறையைக் காலி செய்து இவளுக்கு மேசை போட்டாள், நாங்கள் கூடத்துக்கு வந்தோம். இது இரண்டு பேருக்குமே தெரியும், அதனால் யாரும் சொல்லவில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது சத்தம் போடும்.

"மூணு பேர்ல துறைத் தலைவரை எடுத்துட்டு அண்ணியைப் போட்டா?" என்று கேட்டுப் பார்த்தேன், எனக்கே நம்பிக்கை இல்லாமல்.

"அதுக்கு நான் இப்பவே ஜிப் விக்க வந்துடறேன்."

"வா. சம்பளம் கிடையாது" என்றேன். பழக்கதோஷம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவள் முதல் பக்கத்துக்குப் போய் என் மனைவியின் பெயர் இருந்த இடத்தில் துறைத் தலைவர் பெயரைப் போட்டாள், காலி வரிசையையும் எடுத்தாள். முன்பு எடுத்த நன்றிப் பகுதியை மறுபடி ஒட்டினாள். உதவிய என்பதை மாற்றி, 'அவர் இல்லாமல் இந்த ஆய்வு நடந்திருக்காது' என்று எழுதினாள். எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கேட்ட சரக்கைக் கொடுக்காமல் கொசுறை மட்டும் இரண்டு கை நிறையக் கொடுத்தால் வாங்குகிறவன் என்ன சொல்வான்? "நல்லாத்தான் எழுதியிருக்கே" என்றேன்.

அப்படியும் ஆறாம் பக்கத்தின் அடியில் வெள்ளை மிச்சம் இருந்தது. வெட்டியது அத்தனை. நாலு விரல் அகலத்துக்குப் பளிச்சென்று, இங்கே ஒரு ஆள் உட்காரலாம் என்று அழைக்கிற மாதிரி. அவளுக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். வெட்டிய வாக்கியங்களைத் திரும்ப வைக்கலாமா என்று பார்த்தாள். வைத்தால் சப்பென்று இருந்தது, எடுத்தாள். பிறகு அந்தப் பக்கத்தில் இருந்த படத்தைச் சொடுக்கினாள். பட்டையை எப்படிக் கட்டுவது என்று காட்டும் புகைப்படம். நோயாளியின் முகம் தெரியக் கூடாது என்பதால் முழங்காலுக்குக் கீழேதான் எடுத்திருந்தார்கள். ஒரு வயதான கால், நீல நரம்பு ஓடிய கணுக்கால், அதைச் சுற்றிப் பட்டையை இறுக்கும் இரண்டு பெண் கைகள். படத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். படம் வளர்ந்தது. வெள்ளை கொஞ்சம் குறைந்தது. இன்னும் இழுத்தாள். கைகள் பெரிதாகிக்கொண்டே வந்து பக்கத்தின் அடியைத் தொட்டன. மேலே மூன்று பெயர், கீழே ஒரு பொட்டு வெள்ளை இல்லை. இயந்திரத்தில் போட்டுப் பார்த்தாள். அன்று முதல் முறையாகப் பச்சை எழுத்து வந்தது. அனுப்பலாம்.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றேன்.

"அனுப்பிட்டுச் சொல்றேன் அண்ணா."

"வித்துட்டு விலை சொல்றதா?"

அவள் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. என் மனைவி செருப்பைக் கழற்றி, பையை நாற்காலியில் போட்டு, குழாயடியில் முழங்கை வரைக்கும் கழுவினாள். வார்டிலிருந்து வந்தால் அப்படித்தான், யாரிடமும் பேசாமல் முதலில் கை. துண்டால் துடைத்தபடியே உள் அறைக்கு வந்தாள். "என்ன, அண்ணனும் தங்கச்சியும் வாயில கொழுக்கட்டையா? பொடிசு, முடிஞ்சுதா இல்லையா?"

"முடியப்போகுது அண்ணி."

"இவர் எதுக்கு இங்க? ஆராய்ச்சிக்குப் பொத்தான் வைக்கிறாரா?"

நான் சிரித்தேன். சிரித்தது கொஞ்சம் நீண்டுவிட்டது போலிருக்கிறது, அவள் என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். நடை சரியில்லாதவரைப் பார்க்கிற பார்வை. பிறகு தங்கையின் நாற்காலி முதுகில் கையை ஊன்றித் திரைக்குக் குனிந்தாள். "அட, என் கைதானே இது. நகம்கூடத் தெரியுது. இவ்வளவு பெருசாவா போடுவாங்க?"

"இடம் இருந்துச்சு அண்ணி" என்றாள் தங்கை.

சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை மூச்சை இழுத்தேன். இரண்டு தடவையும் அது வெறும் மூச்சாகவே வெளியே போனது.

"சரி, முதல் பக்கத்துலேர்ந்து ஒரு தடவை பாத்துடலாம். மேல போ" என்றாள் மனைவி. "மெதுவா போ. அவசரப்படாதே, இன்னும் நேரம் இருக்கு."

தங்கை விரலைச் சுட்டியின் சக்கரத்தில் வைத்தாள். நன்றி என்ற தலைப்பு வந்தது, நிற்காமல் போனது. அட்டவணைகள் போயின. அறுபது பேருடைய நடையும் மேலும் கீழுமாகக் கோடு போட்டிருந்த வரைபடம் போனது. மூன்றாம் பகுதி வந்தபோது என் மனைவி, "நிறுத்து" என்று சொல்லி ஒரு பாராவை உதடு அசைய முழுசாகப் படித்தாள். "இதுல நாலு வார்த்தை குறைஞ்சிருக்கே. பரவாயில்ல, நல்லாத்தான் இருக்கு. ம், போ." அவள் தலைமுடியிலிருந்து வார்டின் மருந்து வாசனை வந்தது. ஈரம் போகாத ஒரு கை தங்கையின் தோளில் இருந்தது. சக்கரம் ஒரு பல் உருண்டது, இன்னொரு பல் உருண்டது. திரையின் மேல் விளிம்பில் முதல் பக்கத்தின் கடைசி வரி தெரிந்தது.