மஞ்சள் கறை

அப்பா செத்துப்போன அறையில் ஏழு பேர் இருந்தார்கள். கட்டிலில் அப்பா. கால்மாட்டில் அண்ணன், கைபேசியை எடுப்பதும் வைப்பதுமாக. வாசற்படியில் அண்ணி, தோள்பையைக்கூடக் கழற்றாமல். சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்த டாக்டர். கீழ்வீட்டுத் தையல்காரர். தூக்கிப்போக வந்த இரண்டு ஆட்கள். அவள் தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒன்பது வருஷமாக அந்த அறையிலேயே நிற்கிறவள். மேசை நாற்காலியை யார் எண்ணுவார்கள்?

"கட்டிலைக் கொஞ்சம் நகத்தணும்மா. ஜன்னலோட ஒட்டிக் கெடந்தா தூக்க முடியாது," என்றார் வந்தவர்களில் மூத்தவர்.

"இருங்க, நானும் பிடிக்கிறேன்," என்றாள்.

குனிந்தபோது மேல்சட்டைப் பையில் உறை மடங்கிக் கசங்கியது. துறைமுகத்துக்குப் போகவேண்டிய பதில். கிரேன் ஓட்டும் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள், வருகிற திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வரச் சொல்லி. மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் 'வீட்டில் சூழ்நிலை சரியில்லை' என்று எழுதிப் போட்டாள். இந்தத் தடவையும் அதையேதான் எழுதி, தபால்தலை ஒட்டி வைத்திருந்தாள். நாற்பது வயதுக்குமேல் எடுக்கமாட்டார்கள். அவளுக்கு முப்பத்தொன்பது.

அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் கொதிகலன் பார்த்தவர். குளிர் அவருக்குப் பங்காளி மாதிரி. எந்த இடுக்கு வழியாக வருவான் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். குளிர்காலம் தொடங்கும்போது ஜன்னல் சட்டம் முழுக்க டேப் ஒட்டி, கண்ணாடிமேல் மங்கலான பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டுவார். ஒருநாள் காலையில் மூக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் பிரிப்பார். நாட்காட்டி என்ன சொன்னாலும் சரி, அந்த வீட்டில் வசந்தம் அன்றைக்குத்தான்.

அவர் படுத்த படுக்கையான பிறகு ஒட்டுவதும் பிரிப்பதும் அவள் வேலையானது. முதல் வருஷம் பிரித்ததும், "கீழ கூட்டிட்டுப் போம்மா," என்றார். அவளும் தையல்காரரும் நாற்காலியோடு தூக்கி மூன்று மாடி இறக்கினார்கள். மறுபடி ஏற்றியதில் அவள் இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் நிமிர முடியவில்லை. அடுத்த வருஷம் அவர் கேட்டபோது, "இன்னும் குளிர் விடலப்பா," என்றாள். அது சுலபமாக இருந்தது. அதிலிருந்து வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் பிரிப்பாள். வசந்தம் என்று ஒன்று நடுவில் வராமலேயே குளிர்காலம் கோடையாகிவிடும். தையல்காரரும் கூட்டு. மெல்லிய சட்டையோடு, தலையில் மட்டும் கம்பளிக் குல்லா மாட்டிக்கொண்டு மாடியேறி வந்து, "வெளிய ரத்தம் உறையுது பெரியவரே," என்பார்.

இந்த வருஷம் மரங்கள் துளிர்த்து மூன்று வாரமாகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமைகூட அப்பா கேட்டார். அவளும் அதையே சொன்னாள்.

கட்டில் நகர்ந்தது. தலையணை உயரத்தில், ஜன்னலின் கீழ்மூலையில், ஒரு சாண் நீளத்துக்கு டேப் இல்லை. பிளாஸ்டிக் தாள் காதுமடல் மாதிரி சுருண்டிருந்தது. மரத்தில் நகம் கீறிய தடங்கள். கட்டில் சட்டத்தின் அடியில், உருட்டிய டேப் துண்டுகள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. எதையும் தரையில் போடாத மனுஷர். சட்டத்தின் இடுக்கில் மெல்லிய மஞ்சள் பொடி படிந்திருந்தது. தெருமரங்கள் இந்த நாட்களில் கார்களின்மேல் கொட்டுகிற அதே மகரந்தம்.

அவள் தலையணையைப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் மஞ்சளாக ஒரு கறை.

ஒவ்வொரு வருஷமும் இதே நாட்களில் அந்தக் கறை வரும். திங்கட்கிழமைதோறும் தலையணை உறையைத் துவைக்கும்போது வாயும் சேர்ந்து நடக்கும். "சின்னப் புள்ளையாப்பா நீ? ஒரு ஸ்பூன் மருந்தைச் சிந்தாம குடிக்க முடியாதா?" அவர், "கை நடுங்குதும்மா," என்பார். கோடையில் பிரிக்கும்போது டேப் ஓரிடத்தில் விட்டிருக்கும். பழைய டேப், பசை போய்விட்டது என்று நினைத்துக்கொள்வாள்.

"காத்து வந்திருக்கு பாரு," என்றான் அண்ணன். "இதனாலதான் நெஞ்சுல சளி கட்டியிருக்கும்."

டாக்டர் நிமிரவில்லை. "இருதயம் நின்னுருச்சு. காத்து ஒண்ணும் பண்ணல. கையெழுத்து யாரு போடுறீங்க?"

தையல்காரர் அவள் காதருகே வந்தார். "அப்போ என் குல்லாவைப் பாத்து என்னம்மா நெனச்சிருப்பாரு?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி திரும்பிப் பார்த்தாள். அழுகிறாள் என்று நினைத்து வந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

ஆட்கள் தூக்கிக்கொண்டு படி இறங்கினார்கள். "எட்டு வருஷம் கழிச்சு எறங்குறாரு, பாத்துப் போங்கப்பா," என்றார் தையல்காரர்.

அடக்கம் சனிக்கிழமை முடிந்தது. ஞாயிறு மத்தியானம் அண்ணனும் அண்ணியும் அட்டைப்பெட்டிகளோடு வந்தார்கள். அவள் ஸ்டூலில் ஏறி நின்று டேப்பை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அதை எதுக்கு இப்போ பண்ற? வீட்டைக் காலி பண்ணத்தானே போறோம்," என்றான் அண்ணன். "எங்ககூட வந்துடு. பசங்க ரூம்ல ஒரு கட்டில் போட்டாச்சு."

"உனக்கும் ஆறுதலா இருக்கும்," என்றாள் அண்ணி. "எனக்கும், மறைக்காம சொல்றேனே, ரெண்டு வாலுங்களையும் விட்டுட்டு நிம்மதியா வேலைக்குப் போகலாம்."

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு நான் துறைமுகத்துல இருக்கணும் அண்ணி."

"துறைமுகத்துலயா? யாரு வராங்க?"

"யாரும் வரல. கிரேன் ஓட்டப் போறேன். ஆறு மாசப் பயிற்சி. சாப்பாட்டுக்கு ஆகுற அளவு குடுப்பாங்க."

அண்ணன் பெட்டியைக் கீழே வைத்தான். "கிரேனா? ஸ்டூல்ல நிக்கவே கால் நடுங்குது உனக்கு."

"நடுங்கத்தான் செய்யுது."

"அப்பா போய் நாலு நாள் ஆகல..."

அவள் அடுத்த துண்டை எட்டிப் பிடித்தாள். மேல்மூலையில் டேப் கெட்டியாக இருந்தது. பல்லைக் கடித்து இழுத்தாள். தாளும் டேப்பும் ஒன்றாகப் பிய்ந்து வர, பிடியை முறுக்கி ஜன்னலைத் தள்ளினாள். தெருவின் சத்தம் மொத்தமாக உள்ளே வந்தது. அண்ணி அடுத்தடுத்து மூன்று தும்மல் போட்டாள்.

"அடேங்கப்பா, என்ன பொடி இது!" என்று மூக்கைத் துடைத்தவள், கொஞ்சம் கழித்து, "எத்தனை மணிக்கு விடுவாங்க?" என்று கேட்டாள்.

"நாலு மணிக்கு."

"சனிக்கிழமையாவது வா. புள்ளைங்க கேக்கும்."

அண்ணன் போகும்போது பெட்டிகளைத் திரும்ப எடுத்துப் போனான். ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் போனான். அதில் பழைய டேப்பையெல்லாம் திணித்தாள். மேலேயே, தபால்தலை ஒட்டிய உறையையும் போட்டு மிதித்தாள்.

திங்கட்கிழமை. தலையணை உறை துவைக்கிற நாள். தலையணை இருந்தபடியே கட்டிலில் இருந்தது. ஏழு மணிக்கு அவள் காலணியை மாட்டினாள். வாசலுக்கு வந்த பிறகு ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்தாள், கேஸை அணைத்தோமா என்று. அணைத்திருந்தாள்.

கீழே தையல்காரர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தலையில் குல்லா இல்லை. தெருவில் இறங்கியவர் படிக்கட்டுக்குத் திரும்பி வந்து அண்ணாந்து கூப்பிட்டார்: "அம்மா, ஜன்னல் தொறந்து கெடக்கு!"

"தெரியும்ண்ணே," என்று படிக்கட்டுக் கைப்பிடிமேல் குனிந்து சொன்னாள்.

பிறகு கதவை இழுத்துச் சாத்தி, சாவியை இரண்டு சுற்று சுற்றிப் பூட்டினாள்.